இலையைத் தள்ளிய குச்சி

காஞ்சிபுரத்தில் திருக்கச்சி நம்பிகளைப் பற்றி வழங்கும் கதைகளில் ஒன்று எச்சில் இலையைப் பற்றியது. பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்த நம்பிகள் அத்திகிரி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். பெருமாளோடு நேரே பேசக்கூடியவர் என்று ஊரே நம்பியது. அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்ற ஆசையில் ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார். அழைத்துவர இவர் ஒரு தெரு வழியாகப் போக, நம்பிகள் இன்னொரு தெரு வழியாக வந்து சேர்ந்தார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் பரிமாறினார். கோயில் கைங்கரியத்துக்கு நேரமாகிவிட்டதென்று நம்பிகள் உண்டதும் கிளம்பிவிட்டார். பிறகு அந்த அம்மாள் இலையைக் குச்சியால் தள்ளி அப்புறப்படுத்தி, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, தலைமுழுகி, கணவருக்கென்று மறுபடியும் உலையேற்றினார். ராமானுஜர் திரும்பி வந்தபோது இலை இல்லை. மெழுகிய தரையின் ஈரம் காயவில்லை, அடுப்பில் புதுச் சோறு வெந்துகொண்டிருந்தது. குருபரம்பரை நூல்கள் இதை அவர் இல்லறத்தைத் துறந்ததற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்கின்றன.

ராமானுஜரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே இக்கதையை உபன்யாசங்களில் சொல்வார்கள். அவர் அறிந்துகொண்ட விதம்தான் என் கவனத்தை இழுக்கிறது. நம்பிகளிடம் அந்த வீட்டில் யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வரவேற்று, இலை போட்டு, வயிறாரப் பரிமாறினார்கள். இழிவு நடந்தபோது அவர் அங்கே இல்லை. ராமானுஜரும் இல்லை. எழுத்தில் எதுவும் கிடையாது. விளக்கம் கேட்டிருந்தால், ‘சாப்பிட்ட இடத்தைச் சுத்தம் செய்தேன், இதில் என்ன குற்றம்?’ என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் அங்கே நடந்தது என்ன என்பதில் ராமானுஜருக்குச் சந்தேகமே எழவில்லை. ஈரத்தையும் இரண்டாவது உலையையும் சேர்த்துப் பார்த்தார், தெரிந்துகொண்டார்.

இதே நிகழ்ச்சி இன்று ஓர் அரசு அலுவலகத்தில் நடந்து, நம்பிகள் அங்கே ஓர் உதவியாளராகவோ இளநிலை எழுத்தராகவோ இருந்து, மனு எழுதினால் என்ன ஆகும்? ‘புகாருக்கு ஆதாரம் ஏதும் இல்லாததால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது’ என்ற ஒற்றை வரியில் கோப்பு மூடப்படும். இந்த வரியை நிர்வாகத்தின் அலட்சியமாகவோ அதிகாரிகளின் சாதிப்பற்றாகவோ மட்டும் பார்த்துவிட்டுப் போவது எளிது. அதற்கடியில் ஒரு தத்துவ நிலைப்பாடு இருக்கிறது என்பதே என் வாதம். எதை அறிவு என்று ஏற்பது, யாருடைய சொல்லைச் சான்று என்று கொள்வது என்ற கேள்விகளுக்கு அலுவலகம் ஒரு விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் மனுவைப் பிரிக்கிறது. அந்த விடை தவறானது. அது தவறு என்று காட்ட வெளியூருக்குப் போக வேண்டியதில்லை, காஞ்சியில் வளர்ந்த தர்க்கமே போதும்.

முதலில் மனு போகும் பாதை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பணி சார்ந்த முறையீடுகள் ‘உரிய வழியாக’ மேலே போக வேண்டும் என்பது அரசுப் பணியின் அடிப்படை ஒழுங்கு. உரிய வழி என்றால் உடனடி மேலதிகாரியின் மேசை. புகார் அவர் மேலேயே இருந்தாலும் அவர் குறிப்புரையோடுதான் அது நகரும். அவரைத் தாண்டி மேலிடத்துக்கோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கோ போனால், அங்கே மனுவுக்கு எண் விழுந்து, ‘உரிய நடவடிக்கைக்காக’ அதே துறைக்குத் திரும்பி வரும். துறைத்தலைவர் அறிக்கை கேட்பார். அறிக்கை எழுதும் கடமை படிப்படியாக இறங்கி, பெரும்பாலும் புகாருக்கு ஆளானவரிடமோ அவரோடு தினமும் தேநீர் குடிப்பவரிடமோ வந்து நிற்கும்.

வெளியே வேறு கதவுகள் இல்லாமல் இல்லை. தேசிய பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கு அரசமைப்பின் 338ஆவது பிரிவு, விசாரணையின்போது சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களைத் தருகிறது. தமிழகத்திலும் 2021இல் சட்டம் இயற்றி மாநில ஆணையம் அமைக்கப்பட்டது. ஆனால் அந்த அதிகாரத்தின் நீளத்தை 1996இல் உச்ச நீதிமன்றம் அளந்து சொல்லிவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கு அது. ஆளை வரவழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், சாட்சியம் பதியலாம். தடையுத்தரவு போட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றது தீர்ப்பு. ஆணையம் எழுதும் கடிதமும் கடைசியில் துறையின் பதிலை நம்பித்தான் இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி கண்டது: அலுவலகத்துக்குள் குழு, அதற்குத் தலைவராக ஒரு பெண், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், 90 நாள் கெடு. அந்தக் குழுக்களின் நடைமுறை லட்சணம் வேறு விஷயம். ஆனால் உள்ளே இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து விசாரித்தால் உண்மை வராது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது பெரிய ஒப்புதல். சாதிப் பாகுபாட்டுப் புகாருக்கு அந்த ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை.

இந்தப் பாதையில் எந்தத் திருப்பத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: யார் பார்த்தார்கள், எழுத்தில் என்ன இருக்கிறது? பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை, சுந்தரர் தம் அடிமை என்று வழக்காடக் கிழவேதியராக வந்த இறைவனிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். வழக்கம், ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைக் காட்டு என்றது அவை. அவர் ஓலையைக் காட்டினார், வென்றார். அடிமை ஓலை இருந்த வழக்கு அது. பாகுபாட்டுக்கு ஓலை கிடையாது. ‘இவர் இன்ன சாதி, ஆகவே பதவி உயர்வு தர வேண்டாம்’ என்று எந்த அதிகாரியும் கோப்பில் எழுதுவதில்லை. அரசமைப்பின் 16ஆவது பிரிவு வந்த பிறகு எழுத முடியாது என்பதே காரணம். சட்டம் தடுத்ததால் பாகுபாடு எழுத்தை விட்டு வெளியேறியது. எழுத்தில் இல்லை என்பதையே காரணம் காட்டி அலுவலகம் அது இல்லை என்கிறது. வழக்கத்தையும் கேட்க முடியாது, ஏனென்றால் வழக்கம்தான் புகாரே. மிஞ்சுவது பாதிக்கப்பட்டவரின் சொல், சூழலிலிருந்து எடுக்கும் அனுமானம். இந்த இரண்டையும்தான் அலுவலகம் சான்றாக மதிப்பதில்லை.

அறிவதற்கு எத்தனை வழிகள் என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய சண்டை. காட்சி ஒன்றே போதும் என்றவர்கள் சார்வாகர் எனப்படும் உலகாயதர்கள். அவர்களைத் தவிர அநேகமாக எல்லாத் தரப்பும் அனுமானத்தை ஏற்றது. மணிமேகலை தன் தேடலின் முடிவில் வந்து சேர்வது காஞ்சிக்கு. அங்கே அறவண அடிகள் அவளுக்குத் தர்மம் சொல்லத் தொடங்கும் முன் தர்க்கம் சொல்லித் தருகிறார்: காட்சி, கருத்தளவு என்று அளவை இரண்டு, மற்றவை இவற்றுள் அடங்கும். பிறகு பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று ஒரு முடிவை நிறுவும் முறையும், அவை ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகிவிடும் என்ற நீண்ட பட்டியலும் வருகின்றன. இந்தத் தர்க்கத்தை வகுத்த திங்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. நாலந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். இன்று காஞ்சியை ஒட்டிய ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது, சமஸ்கிருதமும் அங்கே பாடம். அதே ஊரைச் சுற்றியிருக்கும் அரசு அலுவலகங்களில், ஒரு புகார் மனுவைக் கையில் எடுத்ததும் எல்லோரும் உலகாயதராகிவிடுகிறார்கள். சார்வாகன்கூடத் தன் வீட்டில் புகையைப் பார்த்தால் தண்ணீர்க் குடத்தோடு ஓடியிருப்பான்.

‘அலுவலகம் தர்க்கசபை அல்ல, கறாரான ஆதாரம் கேட்பது அதன் இயல்பு’ என்று ஒருவர் சொல்லலாம். இயல்பு என்றால் அது எல்லாத் திசையிலும் இருக்க வேண்டும். ஊழியர் மீது துறை குற்றம் சாட்டும்போது கேட்கும் ஆதாரம் எவ்வளவு? ஹரியானா அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் தரவில்லை என்று பரிசோதகர் சொன்னார். பயணிகள் யாரையும் துறை விசாரிக்கவில்லை, வாக்குமூலம்கூட எழுதி வாங்கவில்லை. பரிசோதகர் தாம் கேட்டதாகச் சொன்னதை வைத்து நடத்துநரின் வேலை போயிற்று. 1977இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி கிருஷ்ணய்யரின் பேனாவால், அது செல்லும் என்றது. துறை விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் தேவையில்லை, கேள்விச் சாட்சியும் ஏற்கத்தக்கது, நியாயமான தொடர்பும் நம்பகத்தன்மையும் இருந்தால் போதும் என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் பெருந்தண்டனைக்கான 17(பி) விசாரணைகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. சிவில் வழக்கில் போல, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்பதே துறை விசாரணையின் அளவுகோல். ஆக அனுமானத்தை ஏற்பதில் அலுவலகத்துக்குத் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. மேலிருந்து கீழே வரும் குற்றச்சாட்டுக்கு அனுமானம் போதும். கீழிருந்து மேலே போகும் புகாருக்கு மட்டும் ஓலை வேண்டும்.

சட்டமும் இந்த விஷயத்தில் அனுமானத்துக்கு எதிரியாக இருந்ததில்லை. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், பின்னர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் 12ஆவது பிரிவு, அச்சட்டப்படி குற்றமாகும் செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராகச் செய்யப்பட்டிருந்தால், அது தீண்டாமையின் பேரில்தான் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுதரப்புடையது. ஒரு மனத்தின் உள்ளே இருக்கும் காரணத்தை வெளியே இருப்பவர் எப்படிக் காட்டுவார் என்று அந்தப் பிரிவை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஆனால் அது குற்றவியல் நீதிமன்றத்துக்கான விதி. கைவிலங்கு போடும் இடத்தில் ஏற்ற அனுமானத்தை, ஒரு மெமோவை ரத்துசெய்யும் இடத்தில் ஏற்க மாட்டோம் என்பது விசித்திரமான கண்டிப்பு.

இனி சொல்லைப் பற்றி. ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், சொல்வது சான்று என்பது நியாய மரபின் கொள்கை. யார் ஆப்தர்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் சொல்லும் இலக்கணம்: ஒன்றை நேரே அறிந்தவர், அறிந்தபடி சொல்ல விரும்புபவர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். பிறப்பு அங்கே அளவுகோல் அல்ல. இதற்கு நேர் எதிராக மனுஸ்மிருதி எட்டாவது அத்தியாயத்தில் சாட்சிகளை வகை பிரிக்கிறது: பெண்களுக்குப் பெண்கள், இருபிறப்பாளருக்கு அவரொத்தவர், சூத்திரருக்குச் சூத்திரர். ஒரே மரபுக்குள் அறிவைப் பற்றி யோசித்தவர்கள் ஒரு பக்கமும் ஒழுங்கைப் பற்றி யோசித்தவர்கள் மறுபக்கமும் போய்விட்டார்கள். இந்து மரபு என்றாலே மனுதான் என்று தூற்றுபவர்களும் மனுவைக் காப்பதே மரபைக் காப்பது என்பவர்களும் வாத்ஸ்யாயனரை மறந்துவிடுவதில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். நம் அலுவலகம் யார் பக்கம் என்று அதன் பதிவேடுகளே சொல்லும். மேலதிகாரி தம் கீழுள்ளவரைப் பற்றி ஆண்டுதோறும் எழுதும் ரகசியக் குறிப்புக்குச் சாட்சி வேண்டியதில்லை, ஆவணம் வேண்டியதில்லை. ‘நன்னடத்தை திருப்தியில்லை’ என்று அவர் எழுதினால் அது அப்படியே பணி வரலாறாகிவிடுகிறது. எழுதியது எதுவானாலும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சொல்லவே 2008இல் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. ஒரு நாற்காலியில் இருந்து வரும் சொல் பிறந்த கணமே சான்று. இன்னொரு நாற்காலியில் இருந்து வருவது வெறும் மனு.

அப்படியொரு ரகசியக் குறிப்பில் தொடங்கிய வழக்குதான் நாடே பேசிய பணியிடப் பாகுபாட்டு வழக்காக வளர்ந்தது. மகாராஷ்டிரத்தின் கராட் நகரில் அரசு மருந்தியல் கல்லூரியின் பண்டகக் காப்பாளர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவருடைய நேர்மையையும் நடத்தையையும் குறைத்து இரண்டு அதிகாரிகள் குறிப்பெழுதினார்கள். அவர் 2006இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகார் கொடுத்தார். அதிகாரிகள் மீது வழக்குத் தொடர அனுமதி வேண்டும்; 2011இல் அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்த இயக்குநர் மீதே 2016இல் புகார் கொடுத்தார். அந்த இயக்குநர் உச்ச நீதிமன்றம் போனார். 2018 மார்ச் 20 அன்று வந்தது சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கின் தீர்ப்பு. இயக்குநர் மீதான வழக்கை ரத்துசெய்ததோடு நிற்காமல், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, முதற்கட்ட விசாரணை நடத்தலாம், அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று நாடு முழுமைக்கும் கட்டளையிட்டது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய அடைப்பு நடந்து, உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமே அந்தக் கட்டளைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இத்தனைக்கும் நடுவே பண்டகக் காப்பாளரின் முதல் கேள்வி, அந்தக் குறிப்பு ஏன் எழுதப்பட்டது என்பது, ஓரமாகப் போய்விட்டது.

மகாஜன் தீர்ப்பின் கவலையை நான் புறந்தள்ளவில்லை. அந்த இயக்குநரைப் பொறுத்தவரை, அனுமதி மறுத்ததையே வன்கொடுமை என்று சொல்ல முடியாது என்ற முடிவு சரியாகவே இருக்கலாம். பொய்ப் புகார் உண்டு, அதனால் சீரழிந்தவர்களும் உண்டு. வெறும் சந்தேகத்தை அனுமானம் என்று பெயர் சூட்டி ஏற்றால் எங்கே போய் முடியும் என்பதற்கும் காஞ்சியே சாட்சி. பல்லவன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவில் நடக்கும் ஒரு புகாரின் கதை. கபாலம் தொலைந்துபோன காபாலிகன், அதில் வறுத்த இறைச்சி இருந்ததால் நாயோ பௌத்த பிட்சுவோதான் எடுத்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறான். எதிரே நாகசேனன் என்ற பிட்சு வந்ததும் நாயை மறந்து அவனைப் பிடித்துக்கொள்கிறான். பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான், தீரவில்லை. வழக்குமன்றத்துக்குப் போகலாம் என்றால், விகாரைப் பணம் மன்றத்தின் வாயை அடைத்துவிடும் என்கிறாள் காபாலிகனின் துணைவி. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு வருகிறான். காபாலிகனின் பிழை அனுமானித்தது அல்ல. இரண்டு சாத்தியங்களைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சோதிக்காமல் விட்டதும், ஒருவன் சேர்ந்திருக்கும் கூட்டத்தைக் கொண்டே அவன் செய்ததை முடிவுகட்டியதும்தான். ‘இவர்கள் இந்தச் சட்டத்தைத் தவறாகத்தான் பயன்படுத்துவார்கள்’ என்று மனுவைப் பிரிக்கும் முன்பே முடிவுகட்டும் அதிகாரியும் அதே ஏதுப்போலியில்தான் விழுகிறார். 2019 மறுசீராய்வு சுட்டிக்காட்டியதும் இதைத்தான்: பொய் சொல்வது மனித பலவீனம், அதை ஒரு சாதியின் குணமாக முன்கூட்டியே கொள்ள முடியாது.

நல்ல அனுமானத்தைக் கெட்ட அனுமானத்திலிருந்து பிரிக்கத் திங்நாகர் மூன்று சோதனைகள் வைத்தார். ஏது, பேசப்படும் பொருளில் இருக்க வேண்டும்; அதையொத்தவற்றில் இருக்க வேண்டும்; ஒவ்வாதவற்றில் இருக்கக் கூடாது. இதை ஓர் அலுவலகத்தில் பொருத்திப் பார்க்கலாம். தாமதமாக வந்ததற்காக ஒருவருக்குச் சிறுதண்டனைக்கான 17(ஏ) மெமோ கொடுக்கப்படுகிறது, சாதிதான் காரணம் என்கிறார் அவர். அவர் தாமதமாக வந்தாரா, மெமோ கொடுக்கப்பட்டதா என்பது முதல் சோதனை. அதே அதிகாரி அவருடைய சாதியைச் சேர்ந்த மற்றவர்களிடமும் இப்படித்தான் கறாராக நடந்தாரா என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் உயிர்: அதே வருகைப் பதிவேட்டில் அதே நேரத்துக்குக் கையெழுத்திட்ட வேறு சாதிக்காரர்கள் மெமோ இல்லாமல் தப்பினார்களா? எல்லோருக்கும் மெமோ போயிருந்தால் புகார் அங்கேயே விழுந்துவிடும், அதிகாரி கறாரானவர், அவ்வளவுதான். ஒருவருக்கு மட்டும் போயிருந்தால், ஏன் என்று சொல்லும் கடமை அதிகாரியுடையது. பொய்ப் புகாரிலிருந்து நேர்மையான அதிகாரியைக் காப்பாற்றுவதும் இந்த மூன்றாவது சோதனைதான். 1973இல் செயின்ட் லூயிஸ் விமானத் தொழிற்சாலையின் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த முறையும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் நடக்கிறது: தொழிலாளி மேலோட்டமான வழக்கை நிறுவ வேண்டும், முதலாளி காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் மற்றவர்களுக்கும் பொருத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

சமயத்தின் பெயரால் வரும் மறுப்பு ஒன்று உண்டு. அவரவர் வினை, பொறுத்துப்போவதே பக்குவம் என்பது. அலுவலகங்களில் இது சாஸ்திர மொழியில் வருவதில்லை. ‘இதையெல்லாம் பெரிசு பண்ணாதீங்க சார், எங்க போனாலும் இருக்கறதுதான்’ என்று ஆறுதலாக வரும். சைவ சித்தாந்தத்தை ஊன்றிப் படித்தவர் இதைச் சொல்ல மாட்டார். அனுபவிப்பவருக்கு அது பிராரத்தம், பழைய வினையின் பலன், என்றே வைத்துக்கொண்டாலும், செய்பவருக்கு அது ஆகாமியம், புதிதாக ஏறும் வினை. ஒருவரின் பிராரத்தத்தைக் காட்டி இன்னொருவரின் ஆகாமியத்தைக் கழிக்க அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

இதைவிட வலுவான மறுப்பு நிர்வாகத்திலிருந்து வருகிறது. அலுவலகத்தின் வேலை உண்மையைக் கண்டுபிடிப்பதல்ல, பணி நடக்கச் செய்வது. யார் சரி யார் தப்பு என்று தோண்டாமல் உரசலைத் தணித்தால் போதும் என்பார்கள். இந்தத் தணிப்புக்குப் பெயர் பணிமாறுதல். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி ஒன்றியத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த சத்துணவு சமையலர் ஒருவர் மாறுதலாகி வந்தார். அவர் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அங்கே அனுமானத்துக்கு வேலையே இல்லை. ஊர் பார்க்க, காவல்துறை பார்க்க, சாதியின் பெயரைச் சொல்லியே நடந்தது. காட்சி அளவையும் இருந்தது, சாட்சிகளும் இருந்தார்கள். அப்படியிருந்தும் அதிகாரத்தின் முதல் கையெழுத்து அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றும் ஆணையில்தான் விழுந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு ஆணை ரத்தானது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஆதாரம் இல்லாததால் புகார்கள் தோற்கின்றன என்று சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆதாரம் கண்ணெதிரே நின்றபோதும் நகர்த்தப்பட்டவர் புகார்தாரர். பணி நடக்கச் செய்வது என்றால் யாரை அசைப்பது எளிதோ அவரை அசைப்பது என்று அர்த்தமாகிவிட்டது. உண்மையைத் தேடாத நிர்வாகம் நடுநிலையில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. தேடாமல் விடுவதன் பலன் ஒரே பக்கம்தான் போய்ச் சேர்கிறது.

யார் விசாரிப்பது என்ற கேள்விக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு கல் சாட்சி இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் இன்னின்னார் என்று பெயர் சொல்லி விலக்கப்படும் பட்டியலைப் படிக்க வேண்டும். தாய்வழி, தந்தைவழி, பெண்கொடுத்த வழி, உடன்பிறந்தார் வழி என்று நீள்கிறது. நெருக்கம் தீர்ப்பைக் கெடுக்கும் என்பது அந்தச் சபைக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது என்பதையும் அதே கல் சொல்கிறது. ஆகவே அதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தனக்குள் நேர்மையாக இருக்கத் தெரிந்த ஒரு கூட்டம், தான் யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்று கேட்கவில்லை. நம் துறை விசாரணைகள் அந்த முதல் பாதிக்குக்கூட வந்து சேரவில்லை.

எனவே கேட்க வேண்டியது கருணையோ சலுகையோ அல்ல. பாகுபாட்டுப் புகாரை விசாரிப்பவர் அந்த அலுவலகத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அந்த அதிகாரி கடந்த சில ஆண்டுகளில் யார் யாருக்கு மெமோ கொடுத்தார், யார் யாருக்கு விடுப்பு மறுத்தார், யாருக்கு என்ன குறிப்பு எழுதினார் என்பதை முதலில் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வாதவற்றைத் தேடும் அந்த மூன்றாவது சோதனைக்கான சான்று வேறெங்கும் இல்லை, அதே பிரிவின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. ஆதாரம் கொண்டுவா என்று புகார்தாரரிடம் சொல்வதில் உள்ள சூது இங்கேதான் தெரிகிறது. அவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சக ஊழியர்களின் மெமோக்களைக் கேட்டால் கிடைக்காது. ஓர் ஊழியருக்குத் தரப்பட்ட மெமோக்களும் தண்டனை விவரங்களும் அவருடைய தனிப்பட்ட தகவல்கள் என்று 2012இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சக ஊழியரின் அந்தரங்கத்தைக் காக்கும் அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு அலமாரியைத் திறக்கக்கூடியவர் விசாரணை அதிகாரி ஒருவர்தான். திறந்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தும் விதி இன்னும் எழுதப்படவில்லை.